சென்னையின் அடுத்த 20 ஆண்டுத் திட்டம்: உங்கள் கவுன்சிலர் அதற்கு ஓட்டுப் போடுவாரா?

மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் முதலில் அடிக்கிற போன் வார்டு கவுன்சிலருடையதுதான். ‘தெருவுல முட்டியளவு தண்ணி நிக்குது, மோட்டார் எப்ப வரும்?’ கவுன்சிலர் உதவிப் பொறியாளரைப் பிடிப்பார். மோட்டார் வரும், தண்ணீர் வடியும். அடுத்த வருஷம் அதே தெரு, அதே போன்.

ஆனால் அந்தத் தெரு அங்கே ஏன் வந்தது? ஏரிக்கரை ஓரம் வீடு கட்டலாம் என்று யார், எந்த வருஷம், எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு ரிப்பன் மாளிகையில் பதில் கிடைக்காது. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில், அதாவது எல்லோரும் சொல்கிற சிஎம்டிஏ-வில்தான் கேட்க வேண்டும். நகரத்தின் நீண்டகாலத் திட்டத்தைத் தயாரிப்பது அவர்கள். ஒப்புதல் தருவது தமிழக அரசு. நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த 200 வார்டு உறுப்பினர்கள் கொண்ட மாமன்றம் அதற்கு ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ கை தூக்க வேண்டிய அவசியமே சட்டத்தில் இல்லை.

இப்போது நடப்பில் இருக்கும் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்து எழுதப்பட்டது. 2027 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான வேலையை சிஎம்டிஏ எப்போதோ தொடங்கிவிட்டது. ஆகவே இந்தக் கேள்வியை இப்போது கேட்டால்தான் உண்டு. விட்டால் அடுத்த வாய்ப்பு இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத்தான்.

அது என்ன முழுமைத் திட்டம்?

மாஸ்டர் பிளான் என்றால் ரியல் எஸ்டேட்காரர்கள் தூக்கத்திலிருந்தும் எழுந்து உட்காருவார்கள். மற்றவர்களுக்கு அது ஏதோ அரசாங்கக் காகிதம். உண்மையில் அது ஒரு வரைபடமும் ஒரு விதிப் புத்தகமும் சேர்ந்தது. நகரத்தில் உள்ள ஒவ்வொரு புல எண்ணுக்கும் அந்த வரைபடத்தில் ஒரு நிறம் உண்டு. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, திறந்தவெளி, விவசாயம் என்று நிலத்தைப் பிரித்துவிடுவார்கள். எந்த நிறத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது விதிப் புத்தகத்தில் இருக்கும். புதிய சாலைகள் எந்த வழியாகப் போகும் என்ற கோடுகளும் உண்டு.

ஒரு தெருவின் இந்தப் பக்கம் குடியிருப்பு, அந்தப் பக்கம் விவசாயம் என்று கோடு விழுந்தால் இரண்டு பக்கமும் கிரவுண்டு விலை ஒன்றாக இருக்காது. வீட்டு மனையின் நடுவே ‘உத்தேச சாலை’ என்று ஒரு கோடு போகிறது என்பது பல பேருக்கு பிளான் அப்ரூவலுக்கோ பேங்க் லோனுக்கோ போய் நிற்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் ஆட்சேபணை சொல்லும் காலம் முடிந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

இரண்டாம் முழுமைத் திட்டம் 1,189 சதுர கிலோமீட்டருக்கானது. திட்டம் எழுதப்பட்டபோது அதற்குள் சென்னை மாநகராட்சி, 16 நகராட்சிகள், 20 பேரூராட்சிகள், 214 கிராம ஊராட்சிகள் இருந்தன. அதன் பிறகு எல்லைகள் நிறையவே மாறிவிட்டன. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2019-ல் ஆவடியும் 2021-ல் தாம்பரமும் மாநகராட்சி ஆயின. 2022 அக்டோபரில் பெருநகர எல்லையையே அரக்கோணம் வரை இழுத்து 5,904 சதுர கிலோமீட்டர் ஆக்கி அரசாணை வந்தது. ஒரு கோடு நகர்ந்தால் எத்தனை ஊராட்சித் தலைவர்கள் வேறொரு அலுவலகத்தின் வரைபடத்துக்குள் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. இதுதான் அடிப்படை. சென்னைக்கு சிஎம்டிஏ, மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் வரும் திட்டக் குழுமங்கள். வரைவை மக்கள் முன் வைப்பதற்கே முதலில் அரசின் இசைவு வேண்டும். இசைவு கிடைத்ததும் அறிவிப்பு வெளியாகும். குறைந்தது இரண்டு மாதம் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் யோசனையும் சொல்லலாம். வந்தவற்றைக் குழுமம் பரிசீலிக்கும், தேவை என்று பட்டதைத் திருத்தும், அரசுக்கு அனுப்பும். அரசு ஒப்புதல் தந்து அரசிதழில் வந்தால் அது சட்டம்.

குழுமம் என்பது யார்? வழக்கமாக ஓர் அமைச்சர் தலைவர். துறைச் செயலாளர்கள், மாநகராட்சி ஆணையர் போன்ற அதிகாரிகள் பெரும்பாலும் உறுப்பினர்கள். உள்ளாட்சிகளோடு கலந்து பேசுவது நடைமுறையில் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கலந்து பேசுவது வேறு, ஒப்புதல் கேட்பது வேறு. கல்யாணப் பத்திரிகை கொடுப்பதும் பெண் கேட்டுப் போவதும் ஒன்றா?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. சென்னை மாநகராட்சியில் ‘நகரமைப்பு’ என்று பெயரிலேயே ஒரு நிலைக்குழு இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள்தான் அதில் உறுப்பினர்கள். நகரம் எப்படி அமைய வேண்டும் என்கிற அடிப்படை ஆவணம் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

கிராமத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேள்வி கேட்பவர்கள் எத்தனை பேர், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கதை. ஆனாலும் ஒரு மேடை இருக்கிறது. நகரத்தில் அதற்குச் சமமான பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ல்தான் தொடங்கின. அன்று முதல்வர் ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார். தெரு விளக்கு, குப்பை, கால்வாய் எல்லாம் அங்கே பேசலாம். 20 ஆண்டுத் திட்டம் அங்கே வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

திட்டம் வந்தபோதெல்லாம் மன்றம் எங்கே இருந்தது?

இந்த விஷயத்தில் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு சங்கடமான ஒற்றுமை தெரிகிறது.

முதல் முழுமைத் திட்டம் 1976-ல் வந்தது. அப்போது சென்னைக்கு மேயர் இல்லை, கவுன்சிலர்கள் இல்லை. மஸ்டர் ரோல் ஊழல் விவகாரத்தில் 1973-ல் மாமன்றம் கலைக்கப்பட்டு, நகரம் தனி அதிகாரி கையில் இருந்தது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். அதாவது 23 ஆண்டுகள் நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. முதல் முழுமைத் திட்டத்தின் ஆயுளில் பெரும்பகுதி அப்படித்தான் கழிந்தது.

அடுத்த திட்டம் எப்போதோ வந்திருக்க வேண்டியது. 2011-ஐ இலக்காக வைத்து 1995-ல் ஒரு வரைவு தயாரானது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. மறுபடி எழுதி, 2007-ல் வரைவை வெளியிட்டு, 2008 செப்டம்பரில் அறிவிக்கை செய்தார்கள். முதல் திட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 32 ஆண்டுகள். இந்த 32 ஆண்டுகளில்தான் வேளச்சேரியும் மடிப்பாக்கமும் பள்ளிக்கரணையும் வீடுகளால் நிரம்பின. (தாமதம் சென்னைக்கு மட்டும் உரிய நோய் இல்லை. கோவையில் 1994 திட்டத்துக்குப் பிறகு அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024-ல்.)

2008-ல் மாமன்றம் இருந்தது. ஆனால் ஒப்புதல் அதிகாரம் இல்லை.

பிறகு 2019. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதுக்கும் வந்தன. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிப் புத்தகத்துக்குப் பதில் இனி இதுதான் என்றானது. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5-ஆக இருந்த தளப் பரப்புக் குறியீடு, பேச்சு வழக்கில் எஃப்எஸ்ஐ, 2 ஆக உயர்ந்தது. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முன்பு அதில் 3,600 சதுர அடி கட்டலாம், இப்போது 4,800. ஒரு தெருவில் எல்லோரும் இடித்துக் கட்டினால் அங்கே கூடும் குடும்பங்கள், கார்கள், கழிவுநீர் எல்லாம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். அடியில் போகிற பைப்பின் அகலம் தானாகக் கூடாது. இதை விவாதிக்க அன்று சென்னையில் மாமன்றம் இருந்ததா? இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு 2022 பிப்ரவரி வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை.

எஃப்எஸ்ஐ உயர்வே தப்பு என்பது இங்கே வாதம் இல்லை. நகரம் பக்கவாட்டில் பரவி ஏரிகளைத் தின்பதைவிட மேலே வளர்வது நல்லது என்று சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எந்த வார்டின் குழாயும் கால்வாயும் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று தெரிந்தவர்களைக் கேட்டு, அவர்கள் முன்னால் வாதாடி எடுக்க வேண்டிய முடிவு அது. அரசாணையில் ஒரே வரியில் முடிகிற காரியம் இல்லை.

அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

1992-ல் நிறைவேறி 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. நகர உள்ளாட்சிகளுக்கு மாநிலங்கள் தரக்கூடிய 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணை வரிசைப்படுத்துகிறது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான். ‘தரக்கூடிய’ என்ற சொல்லில்தான் சிக்கல். தர வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்லவில்லை. மாநிலங்கள் விளக்கையும் குப்பையையும் கொடுத்தன, நிலத்தைக் கொடுக்கவில்லை.

அதே திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிக்கு ஒரு பெருநகரத் திட்டக் குழு இருக்க வேண்டும், அந்தப் பகுதி முழுவதற்குமான வளர்ச்சித் திட்ட வரைவை அதுதான் தயாரிக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நகர உள்ளாட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஆட்களாக இருக்க வேண்டும். பிரிவு 243 இசட்இ. சென்னைக்கென்று இப்படி ஒரு குழு அமைக்க 2009-ல் தமிழகத்தில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் இதுவரை நகரத்தை நடத்திய இரண்டு முழுமைத் திட்டங்களும் அப்படி ஒரு குழுவின் கையால் வந்தவை அல்ல. முதலாவது அந்தத் திருத்தத்துக்கே முந்தையது. இரண்டாவது 15 ஆண்டு கழித்து வந்தும் பழைய வழியிலேயே வந்தது.

செம்பாக்கத்துத் தண்ணீர் எத்தனை அலுவலகம் தாண்டுகிறது?

குழு, பிரிவு, அட்டவணை எல்லாம் காகிதப் பேச்சாகத் தோன்றலாம். தரையில் பார்த்தால் விஷயம் புரியும்.

தாம்பரம் பக்கம் செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை. அடுத்தது நாராயணபுரம். அப்புறம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். பழைய ஏரிச் சங்கிலி இது. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்காரர்கள் தயாராகிவிட வேண்டும் என்பது விவசாயம் நடந்த காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இன்று அந்த வழி எத்தனை கையில் இருக்கிறது? செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சி. நன்மங்கலம் கிராம ஊராட்சி. கீழ்க்கட்டளை மறுபடி தாம்பரம் மாநகராட்சி. நாராயணபுரமும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சி. ஏரிகளைப் பார்த்துக்கொள்வது பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறை, சதுப்பு நிலத்தில் காப்புக்காடாக அறிவித்த பகுதி வனத் துறை, கரையோரத்தில் என்ன கட்டலாம் என்ற வரைபடம் சிஎம்டிஏ. மேலே உள்ள மாநகராட்சி கால்வாயை அகலப்படுத்தினால் தண்ணீர் வேகமாகக் கீழே உள்ள மாநகராட்சிக்குப் போகும். கீழே அடைத்துக் கட்டினால் மேலே தேங்கும். இரண்டு மேயரும் ஓர் ஊராட்சித் தலைவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ‘இந்தக் கரையோரம் இனி நிறம் மாற்றக் கூடாது’ என்று முடிவெடுக்கும் இடம் எது? அரசமைப்புச் சட்டம் சொன்ன அந்தக் குழுதான் அந்த மேஜை.

பள்ளிக்கரணை சதுப்பு ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2007-ல் அதில் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2008 முழுமைத் திட்டம் சதுப்புப் பகுதியைத் தனிக் கவனம் வேண்டிய இடமாகக் குறித்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். அதேபோல் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியும் தெற்குக் கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் பகுதியும் அதில் குறிக்கப்பட்டன. 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, எல்லைக்குள் வருவது சுமார் 1,248 ஹெக்டேர். ஆனால் அதற்குள் பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு, ஐடி சாலை, பெரும்பாக்கத்தில் நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளுக்கான அடுக்குமாடிகள் எல்லாம் வந்துவிட்டன. அந்த மக்களைக் கேட்டா அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. 2015 வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கை.

மும்பையில் வேறு மாதிரி நடந்தது

சரி, கவுன்சிலர்கள் கையில் கொடுத்தால் மட்டும் உருப்படுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு மும்பையைப் பார்க்கலாம்.

மகாராஷ்டிரத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி மும்பைக்குத் திட்டமிடும் அதிகாரம் மாநகராட்சிக்கே. 2014 முதல் 2034 வரையிலான வளர்ச்சித் திட்டத்தின் வரைவை மாநகராட்சி 2015 பிப்ரவரியில் வெளியிட்டது. பிழைகள் மலிந்திருந்தன. ஊரே கொந்தளித்தது. ஆட்சேபணைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஏப்ரலில் அன்றைய முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் அதைத் திரும்பச் செய்யச் சொன்னார். 2016 மே மாதம் திருத்திய வரைவு. 2017 ஜூலை இறுதியில் 227 வார்டுகளின் பிரதிநிதிகள் கொண்ட மாமன்றத்தில் விவாதம், திருத்தங்கள், ஒப்புதல். பிறகு மாநில அரசின் அனுமதி. கடைசியில் 2018 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது, நான்கு ஆண்டு தாமதமாக.

அந்த மாமன்றம் செய்த திருத்தங்கள் எல்லாமே மக்கள் நலனுக்காகத்தானா என்றால் சந்தேகப்பட இடம் உண்டு. கவுன்சிலர்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் இடையில் சுவர் எதுவும் இல்லை, மும்பையிலும் சரி, சென்னையிலும் சரி. கடைசிக் கையெழுத்து அங்கேயும் மாநில அரசுடையதுதான். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு அந்த ஊரும் பல ஆண்டு நிர்வாகி கையில் இருந்தது. ஆக, அதை முன்மாதிரி என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மும்பையில் ஒரு பூங்கா இடம் கட்டட இடமாக மாறினால், எந்தக் கூட்டத்தில் எந்தத் திருத்தத்தால் மாறியது, அந்த வார்டுக்காரர் அப்போது என்ன பேசினார் என்று தேடிப் போக ஒரு நடவடிக்கைக் குறிப்பு இருக்கும். அடுத்த தேர்தலில் அவர் வீட்டு வாசலில் ஓட்டுக் கேட்டு நிற்கும்போது அதைக் கேட்கலாம். சென்னையில் யாரிடம் கேட்பது? கவுன்சிலர் ‘அது சிஎம்டிஏ’ என்பார். சிஎம்டிஏ ‘அரசு ஒப்புதல் அளித்தது’ என்று எழுதும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம்.

‘கவுன்சிலருக்கு இதெல்லாம் புரியுமா?’

அதிகார வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிற வாதம் இது. திட்டமிடல் நிபுணர்கள் செய்ய வேண்டிய வேலை, வார்டு அரசியல்வாதியிடம் போனால் கெட்டுவிடும் என்பார்கள். நிபுணர்கள் வேண்டும்தான், வரைபடத்தை அவர்கள்தான் வரைய வேண்டும். ஆனால் எந்தத் தெருவில் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது, எந்த மைதானத்தில் உண்மையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ‘காலி இடம்’ என்று வரைபடத்தில் தெரிவது மீனவர்கள் வலை உலர்த்தும் இடம் என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அதைச் சொல்லத் தெரிந்த ஆள் வார்டில்தான் இருக்கிறார். தவிர, நிபுணர்கள் மட்டுமே செய்த இரண்டு திட்டங்களின் பலனை நகரம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாமன்றம் கூடும்போது கேள்வி நேரமும் நேரமில்லா நேரமும் உண்டு. மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவு வந்ததும் அதை மாமன்றத்தில் வைத்து ஒரு நாள் முழுக்க விவாதிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட யாரும் தடையில்லை. எல்லா மண்டலங்களும் தங்கள் பகுதி வரைபடத்தைத் தனித்தனியாகப் பார்த்து ஆட்சேபணைகளைத் தொகுத்து, அவற்றைச் சென்னை மாநகராட்சியின் அதிகாரபூர்வ ஆட்சேபணையாக சிஎம்டிஏ-வுக்கு அனுப்பலாம். சட்டப்படி அது ஒரு சாதாரணக் கடிதத்துக்குச் சமம்தான். ஆனால் 200 வார்டுகளின் பெயரில் வருகிற கடிதத்தைக் காரணம் சொல்லாமல் ஒதுக்குவது எந்த அரசுக்கும் லேசான காரியம் இல்லை. ஆவடியும் தாம்பரமும் இதையே செய்யலாம்.

சிஎம்டிஏ பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. வரைவு தமிழில் முழுதாக வர வேண்டும், சுருக்கமாக இல்லை. வார்டு வார்டாக வரைபடத்தைப் பிரித்து மண்டல அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். எந்தப் புல எண்ணின் நிறம் 2008-லிருந்து மாறுகிறது என்ற பட்டியல் தனியாக வேண்டும். ஏனென்றால் ஆயிரம் பக்கத்தில் முக்கியமான மாற்றத்தைக் கண்டுபிடிப்பது சாமானியருக்கு ஆகாத வேலை. வந்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் ஏற்றோமா இல்லையா, ஏன் என்று பதிலும் வெளியிட வேண்டும்.

உங்கள் பங்குக்கு?

முதலில் உங்கள் வீட்டின் புல எண்ணைப் பட்டாவில் பார்த்து எடுத்து வையுங்கள். அந்த எண்ணுக்கு இப்போதைய நில உபயோகம் என்ன என்பதை சிஎம்டிஏ இணையதளத்திலேயே தேடலாம். உங்கள் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பக்கத்து ஏரி, குளம், மைதானம், மேய்ச்சல் புறம்போக்கு எந்த நிறத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பட்டா இருக்காது, ஆனால் ஆட்சேபணை சொல்லும் உரிமை இருக்கிறது. சொத்து வைத்திருப்பவர்தான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

வரைவு அறிவிப்பு வந்ததும் நாள் எண்ணத் தொடங்கிவிடும். ஆட்சேபணை எழுத வக்கீல் தேவையில்லை. கிராமத்தின் பெயர், புல எண், வரைபடத்தில் என்ன காட்டியிருக்கிறார்கள், தரையில் என்ன இருக்கிறது, என்ன மாற வேண்டும். இவ்வளவுதான். முடிந்தால் போட்டோ, மழைக்காலத்தில் எடுத்தது என்றால் இன்னும் நல்லது. நகலில் ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து பகுதி சபைக் கூட்டத்தில் அதையே எழுப்பி, குறிப்பில் ஏற்றச் சொன்னால் கவுன்சிலருக்கும் மாமன்றத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பேசுவதற்கு அவருக்கு இருக்கிற நாட்களும் அதிகமில்லை. இப்போதைய மாமன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2-ல். அதன் ஐந்தாண்டு முடிவது 2027 மார்ச்சில், புதிய திட்டத்தின் முதல் வருஷத்திலேயே. அதற்குள் வரைவு வராவிட்டால், அடுத்த உள்ளாட்சித் தேர்தலும் 2016-ஐப் போலத் தள்ளிப்போனால், மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் நாளிலும் ரிப்பன் மாளிகை மன்றக்கூடத்து நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.